தலப்பாக்கட்டும் தண்டவாளமும்

எங்க ஊருல மறியல்னாலே ரெண்டு கட்சி தான். ஒண்ணு, "இவனுவளுக்கு வேற சோலி இல்லியா, மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாமா"ன்னு கேக்குற கட்சி. இன்னொண்ணு, "ரோட்டுல இறங்காம இந்த நாட்டுல எவனுக்கு என்ன மக்கா கெடச்சிருக்கு"ன்னு கேக்குற கட்சி. மார்த்தாண்டத்துல பஸ்ஸுக்குள்ள வேர்த்து வடிஞ்சிட்டு நிக்கும்போது நான் முதல் கட்சி, வீட்டுல ஃபேனுக்குக் கீழ உக்காந்து நியூஸ் பாக்கும்போது ரெண்டாவது கட்சி. பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான்னு நினைக்கேன்.

ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் முதல் கட்சியிலயே நிரந்தரமா இருந்துட முடியாது, ஏன்னா இங்க நாம சாதாரணமா அனுபவிக்கிற பல விசயம் ஒரு காலத்துல யாரோ சட்டத்த மீறி எடுத்தது. அய்யா வைகுண்டர கும்பிடுற சாமித்தோப்பு பதிக்குப் போயிருந்தா பாத்திருப்பீங்க, ஆம்பளைங்க சட்டைய கழத்திட்டு தலையில தலப்பா கட்டிட்டுத்தான் உள்ள போவாங்க. இப்போ அது வழிபாட்டு முறை, சின்னப் பையனுக்கு அப்பா கட்டிவிடுவாரு, அவ்வளவு தான். ஆனா அய்யா வைகுண்டர் இத சொன்ன காலத்துல, அதாவது 1830கள்ல, நம்ம ஊரு அப்போ இருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்துல ஒடுக்கப்பட்ட சாதிக்காரன் தலப்பா கட்டுறது குத்தம். அந்தப் பொம்பளைங்க மாரை மறைக்க தோள்சீலை போடுறதும் குத்தம், அதுக்கு எத்தன வருசம் அடிதடி, கடைசியில 1859ல தான் ராஜா இறங்கி வந்து உத்தரவு போட்டாரு, அதுவும் முழுசா இல்ல, மேல்சாதி பொம்பளைங்க மாதிரி போடக்கூடாதுன்னு கண்டிசன் வச்சு. வைகுண்டரையும் புடிச்சு திருவனந்தபுரத்துல சிங்காரத்தோப்பு ஜெயில்ல போட்டாங்க. அன்னைக்கு சட்டமீறல், இன்னைக்கு சம்பிரதாயம்.

"அது ராஜா காலம்லே, இப்போ ஓட்டு இருக்கு, கோர்ட்டு இருக்கு, எதுக்கு சட்டத்த மீறணும்?" இந்தக் கேள்விய லேசா தள்ளிவிட முடியாது. கேட்டவரு சாதாரண ஆளும் இல்ல. 1949 நவம்பர் 25ம் தேதி அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் சொன்னதே இது தான். சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாத்தையும் இனி விட்டுடணும், அரசியல் சட்ட வழி இல்லாதப்போ அதுக்கு நியாயம் இருந்துச்சு, இப்போ வழி திறந்திருக்கும்போது அது அராஜகத்தோட இலக்கணம்னு சொன்னாரு. இத சொன்னவரு 1927ல தலித் ஜனங்கள அண்டவிடாத மஹாத் குளத்துல தண்ணி அள்ளிக் குடிச்சவரு, 1930ல நாசிக் காளாராம் கோயில் வாசல்ல சத்தியாகிரகம் நடத்துனவரு. அனுபவிச்சு சொல்லுறாரு, அதனால அத மரியாதையா எடுத்துக்கணும்.

ஆனாலும் எனக்கு முழுசா ஒத்துவரல. கேரளாவுல இருக்கிற வைக்கத்த எடுத்துக்கோங்க. 1924ல கோயில சுத்தியிருக்கிற ரோட்டுல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க உட்பட எல்லாரும் நடக்கணும்னு ஆரம்பிச்ச போராட்டம், பெரியார் ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனாரு, மழைக்காலத்துல வெள்ளம் ஏறினப்போ சத்தியாகிரகிங்க தண்ணிக்குள்ளயே நின்னிருக்காங்க, போலீஸு வள்ளத்துல நின்னு காவல் காத்திருக்கு. அதுக்காக நம்ம கோட்டாறுலருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில ஒரு ஜாதா, அதாவது ஊர்வலம், திருவனந்தபுரத்துக்கு நடந்தே போச்சு, வைக்கத்துலருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில இன்னொண்ணு. மேல்சாதிக்காரங்க மட்டுமே 25 ஆயிரத்துக்கு மேல கையெழுத்து போட்ட மனு. இதெல்லாம் அம்பேத்கர் சொன்ன ஒழுங்கான வழி தானே? 1925 பிப்ரவரியில ரோட்ட திறக்கணும்ங்கிற தீர்மானம் சட்டசபையில ஓட்டெடுப்புக்கு வந்தப்போ 22க்கு 21, ஒரே ஒரு ஓட்டுல தோத்துச்சு! அந்த ஓட்டுக்கு அப்புறமும் ஆளுங்க தடுப்புக்கு முன்னாடி போய் உக்காந்துட்டே இருந்ததால தான் அந்த வருசக் கடைசியில மூணு பக்கத்து ரோடாவது திறந்துச்சு. கோயிலுக்குள்ள போக 1936 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்துச்சு.

சரி, அதுவும் ராஜா காலம் தான்னு சொல்லுவீங்க. அப்போ 2017க்கு வருவோம். நவம்பர் 30ம் தேதி ஓகி புயல் அடிச்சு, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு அந்தக் கரை முழுக்க ஆழ்கடலுக்குப் போன ஆளுங்க திரும்பல. இந்த ஊர்க்காரங்களுக்கு ஓட்டு இருக்கு, ஆதார் இருக்கு, கலெக்டருக்கு மனு போடத் தெரியும். ஆனா எலக்சன் எப்பவோ வரும், கோர்ட்டுல வாய்தா வாங்கணும், காணாமப்போனவன் செத்துட்டான்னு சட்டம் ஒத்துக்க சாதாரணமா 7 வருசம் ஆவும். கடல்ல மிதக்குறவனுக்கு அவ்வளவு நேரம் உண்டா? காணாமப்போனவங்கள தேடச் சொல்லி டிசம்பர் 7ம் தேதி கடப்புறத்துலருந்து பொம்பளைங்களும் பிள்ளைங்களும் பங்குத்தந்தைங்களும் ஆயிரக்கணக்குல நடந்து வந்து குழித்துறை ஸ்டேசன் தண்டவாளத்துல உக்காந்தாங்க. திருவனந்தபுரம் லைன் அப்படியே நின்னுபோச்சு, ராத்திரி வரைக்கும் எந்திரிக்கல. 12ம் தேதி முதலமைச்சர் நேர்ல வந்தாரு. ரயிலு ஓடியிருந்தா வந்திருப்பாரான்னு நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கு ரயில்ல மாட்டுனவங்க பாவம் தான், அத மறைக்கவே கூடாது. ரயில்வே சட்டம் 174வது பிரிவுல ரயில தடுத்தா 2 வருசம் வரைக்கும் ஜெயில் உண்டு. இருக்கட்டும், அந்தப் பிரிவு இருக்கத்தான் வேணும். சட்டமறுப்புக்கும் ரவுடித்தனத்துக்கும் வித்தியாசமே அங்க தான் இருக்கு, பகல்ல முகத்த மூடாம செய்யணும், யாரு மேலயும் கை வைக்கக்கூடாது, பிடிச்சா ஓடக்கூடாது. 1922ல அகமதாபாத் கோர்ட்டுல காந்தி "ஆமா, செஞ்சேன், இருக்கிறதுலயே பெரிய தண்டனைய குடுங்க"ன்னு கேட்டு 6 வருசம் வாங்கிட்டுப் போனாரு. எங்கயோ ஒரு தலைவர் கைதுன்னு பஸ் கண்ணாடிய உடைச்சிட்டு வயக்காட்டு வழியா ஓடுறவன இதோட ஒண்ணா சேக்காதீங்க.

நம்ம ஊரு மறியல்ல இன்னொரு நாடகம் உண்டு. போலீஸ் வேன் வரும், "ஏறுங்க அண்ணாச்சி"ன்னு மரியாதையா ஏத்துவாங்க, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துல கொண்டு இறக்குவாங்க, மத்தியானம் பொட்டலச் சாப்பாடு, சாயங்காலம் பேர எழுதிட்டு விட்டுடுவாங்க. ரெண்டு பக்கத்துக்கும் கஷ்டமில்லாத ஏற்பாடு. கட்சிக்காரங்களுக்கு இது போதும், மறுநாள் பேப்பர்ல போட்டோ வந்துரும். இதுல எனக்குப் பெருசா மதிப்பு இல்ல, இழக்க ஒண்ணும் இல்லாதவனோட எதிர்ப்ப அரசாங்கமும் கணக்குல எடுக்காது.

நிஜமா கஷ்டப்படுறது எஃப்ஐஆர்ல மாட்டுற சாதாரண ஆளு தான். குழித்துறை போராட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான பேரு மேல கேஸ் போட்டாங்க. பக்கத்துல கூடங்குளத்துல அணு உலைய எதிர்த்தவங்க மேல தேசத்துரோக கேஸே பாஞ்சுது, 2013ல உலையத் திறக்கலாம்னு தீர்ப்பு சொன்ன அதே சுப்ரீம் கோர்ட்டு தான் ஜனங்க மேல இருக்கிற கிரிமினல் கேஸ வாபஸ் வாங்க முயற்சி பண்ணுங்கன்னும் சொல்லிச்சு. எனக்குத் தெரிஞ்ச கடப்புறத்துப் பையன் ஒருத்தன், ஏதோ ஒரு மறியல்ல கூட்டத்தோட நின்னவன், கல்ஃபுக்கு விசா வந்தப்போ போலீஸ் சர்டிபிகேட்டுக்கு ஸ்டேசனுக்கும் வீட்டுக்கும் நடையா நடந்தான். கேஸ் நடத்தவும் மாட்டாங்களாம், முடிக்கவும் மாட்டாங்களாம், அது பாட்டுக்குக் கிடக்கும்.

தண்டனைன்னா கோர்ட்டு விசாரிச்சு, இவன் சொல்லுறதையும் கேட்டு, இத்தன நாளுன்னு குடுக்கணும். அத வாங்கிக்கத் தயாரா தான் இவன் தண்டவாளத்துல உக்காந்தது. எப்ப வேணா எடுத்து மிரட்டலாம்னு ஃபைல அலமாரியில வச்சிருக்கிறது தண்டனை கிடையாது. டெல்லி ஷாகீன்பாக்ல குடியுரிமைச் சட்டத்த எதிர்த்து ரோட்டுல உக்காந்த போராட்டம் பத்தின 2020 தீர்ப்புல பொது வழிய காலவரையில்லாம அடைக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னத நான் ஏத்துக்கிறேன், காலவரைன்னு ஒண்ணு வேணும் தான். அதே காலவரைய அமைதியா உக்காந்தவங்க மேல போட்ட கேஸுக்கும் வைங்க, வருசத்துக்குள்ள விசாரிங்க, இல்லாட்டி கைவிடுங்க. அடுத்த தடவ ஓட்டு கேட்டு நம்ம தெருவுக்கு வர்றவங்ககிட்ட நான் கேக்கப்போறது இத மட்டும் தான்.