உத்தரவாதச் சீட்டு ரொறன்ரோவில், மெசின் கிளிநொச்சியில்

வன்னியில் திருத்த வரும் கேம் கொன்சோல்களுக்குப் பெரும்பாலும் உத்தரவாதச் சீட்டு இருக்காது. இருந்தாலும் அது ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு மாமாவின் லாச்சிக்குள் கிடக்கும். மாமா ஊருக்கு வரும்போது சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த மெசின் ஒரு வகை. கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து ஏ-9 வீதியால் வந்த மெசின் இன்னொரு வகை. பழுதானால் கம்பனிக்கு அனுப்ப வழியில்லை. சோனி கம்பனியின் கொன்சோலான பிளேஸ்டேஷனில் கணக்குத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லை. அமெரிக்கா என்றோ இந்தியா என்றோ பொய் சொல்லித்தான் உள்ளே போகவேண்டும்.

ஆகவே, பெரிய கொன்சோல் கம்பனி ஒன்று வங்குரோத்தானால் என்ன நடக்கும் என்று வேறு ஊர்களில் கற்பனையாகக் கேட்பதை இங்கே திருத்தும் மேசையிலிருந்து கேட்கலாம். கம்பனியின் உதவி இல்லாமல் மெசினை ஓட்டுவது என்ற பாதி விடை ஏற்கெனவே கைப்பழக்கம். மற்றப் பாதி, கம்பனியின் அனுமதி இல்லாமல் ஓட்டுவது. சிக்கல் அதில்தான்.

முதற்பாதி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பேட்டரிகூட வன்னிக்குள் வர விடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். புகை வந்தது, இயந்திரம் இரைந்தது, ஆனால் ஓடியது. அந்த மோட்டார் சைக்கிள் கிளம்புவதற்கு முன் ஜப்பானுக்குச் சேதி அனுப்பி, பதில் வரும்வரை காத்து நிற்கவில்லை. இன்றைய கொன்சோல் நிற்கும்.

முதலில் மேசையில் கிடப்பதைப் பார்ப்போம். ஒரு பிளேஸ்டேஷன் 4ஐக் கழற்றினால், கம்பனிக்கு மட்டுமே உரிய சாமான் அதில் அவ்வளவு இல்லை. ஹார்ட் டிஸ்க் சாதாரண 2.5 அங்குல சாட்டா, மடிக்கணினியில் இருப்பதுதான். எச்.டி.எம்.ஐ சொக்கட்டில் 19 கம்பிக்கால்களும் 4 தாங்குகால்களும் உண்டு, தனியாக விற்கிறார்கள். விசிறி, பவர் சப்ளை, வெப்பப் பசை, கொன்ட்ரோலரின் தடி எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு, கம்பனி இன்றைக்கே மூடினாலும் சீனாவிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தடியை மாற்ற 14 இடத்தில் ஈயம் எடுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உள்விளிம்புச் செம்பு கழன்று வந்துவிடும், அதன்பிறகு மெல்லிய கம்பி போட்டுத்தான் இணைக்கலாம். பிளேஸ்டேஷன் 5 கொன்ட்ரோலரின் தடியை மாற்றியபின் நடுநிலையைச் சரிசெய்யும் வழியைக் கம்பனி யாருக்கும் கொடுக்கவில்லை. வெளியாட்கள் அதைக் கண்டுபிடித்து, பிரவுசரிலேயே செய்யும் கருவியாக இலவசமாகப் போட்டுவிட்டார்கள். கம்பனி போன பிறகு நடக்கப்போவதும் இப்படித்தான்.

இங்கத்தைய பழுதுகளுக்கு இங்கத்தையக் காரணங்கள் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி விசிறிக்குள் போய், வெப்பத்தகடுகளுக்கு நடுவில் கம்பளித் துணிபோலப் படிந்துவிடும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் புழுதியைச் சேறாக்கும். விசிறியைக் கழற்றித் தூரிகையால் எடுக்கவேண்டும், விசிறி பூட்டியிருக்கும்போது காற்றடித்தால் அது சுழன்று எதிர்மின்னழுத்தம் போர்டுக்குப் போகும். முல்லைத்தீவுக் கரையோரத்து மெசின்களில் உவர்காற்றால் சொக்கட்டுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பவர் சப்ளைக்குள் பல்லி முட்டையிடும். முட்டையால் பாதகமில்லை, தாய்ப்பல்லி இரண்டு முனையைத் தொடும் நாளில்தான் வெடிக்கும்.

மழைக்கு முந்திய இடி மின்னல் காலத்தில் இன்னொரு வழி திறக்கும். மின்னல் கொன்சோலின் வயரால் வரவேண்டும் என்றில்லை. கூரைமேல் டிஷ், அதிலிருந்து டிகோடர், டிகோடரிலிருந்து ரிவி, ரிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ வயர் என்று நடந்து வந்து, கொன்சோலின் எச்.டி.எம்.ஐ சிப்பைச் சுட்டுவிட்டுப் போகும். மெசின் ஓடும், பீப் சத்தம் வரும், படம் வராது. ஆக்கள் பிளக்கைக் கழற்றுகிறார்கள், எச்.டி.எம்.ஐ வயரை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் கழற்றவேண்டும்.

இவை எதற்கும் கம்பனி தேவையில்லை. உதிரிக்கு வைத்திருக்கும் செத்த மெசின்கள்தான் தேவை. கம்பனி மூடிய செய்தி வந்தால் முதலில் விலை ஏறப்போவது அந்தச் செத்த மெசின்களுக்குத்தான். ஆனால் எல்லா உதிரியும் உதவாது. பிளேஸ்டேஷன் 4இன் டிஸ்க் டிரைவ் பழுதானால் இன்னொரு மெசினின் டிரைவை அப்படியே தூக்கிப் பூட்டமுடியாது. டிரைவைக் கட்டுப்படுத்தும் போர்ட்டும் தாய்ப்பலகையும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்க்கப்பட்டவை. பழைய போர்ட்டை வைத்துக்கொண்டு லேசர், மோட்டார், உருளை இவற்றை மட்டும் மாற்றவேண்டும். அனுமதி என்ற விசயம் முதலில் தலைகாட்டுவது இங்கேதான்.

வீழ்ந்த கம்பனிகளுக்கு என்ன நடந்தது? ஜப்பானியக் கம்பனியான சேகா 1998 நவம்பரில் ஜப்பானில் ட்ரீம்காஸ்ட் என்ற கொன்சோலை இறக்கியது. 2001 ஜனவரி 31இல் நிறுத்துவதாக அறிவித்தது, மார்ச்சில் உற்பத்தி முடிந்தது. விற்றது ஏறத்தாழ 91 இலட்சம். கம்பனியின் தலைவர் இசாவோ ஒகாவா ஏறத்தாழ 69.5 கோடி டொலர் பெறுமதியான தன் சொந்தப் பங்குகளைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டு அந்த மார்ச்சிலேயே இறந்தார். பெட்டி செய்யும் தொழிலை விட்டுவிட்டுக் கேம் மட்டும் செய்யும் கம்பனியாகச் சேகா மிஞ்சியது. அதே ஆண்டு முடிவதற்குள் சேகாவின் கேம் நாயகனான நீல முள்ளெலி சோனிக், பத்தாண்டுப் பகையாளியான நின்டெண்டோவின் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ட்ரீம்காஸ்ட்டோ இன்றும் ஓடுகிறது. லேசர் செத்தால் அந்த இடத்தில் மெமரி கார்ட் பூட்டும் போர்ட் விற்கிறார்கள். உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய எம்.எல்.2020 பேட்டரி செத்தால் நேரம் மட்டும் தவறும், கேம் ஓடும்.

அமெரிக்கக் கொன்சோல் கம்பனியான அட்டாரியின் கதை வேறு. 1983இல் அமெரிக்கக் கேம் சந்தை சரிந்தபோது, விற்காத கசட்டுகளை நியூ மெக்சிக்கோவின் அலமொகோர்டோவில் குழிதோண்டிப் புதைத்தார்கள். 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். கம்பனி கைமாறிக் கைமாறிப் போனது, பெயர் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதே 1983 ஜூலையில்தான் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபமிக்கொம் கொன்சோல் வந்தது. ஒரு கடை பூட்டினால் சந்தியில் இன்னொரு கடை திறக்கும். கேம் என்ற தொழில் கம்பனியோடு சாவதில்லை, கேமை எழுதுபவர்கள் வேறு பெட்டிக்கு எழுதுவார்கள். மைக்ரோசொப்ட் வீழாமலேயே, தன் பெட்டிக்கென்றே வைத்திருந்த கேம்கள் சிலவற்றை 2024இலிருந்து சோனியின் பெட்டியிலும் விற்கத் தொடங்கிவிட்டது. சோனி, மைக்ரோசொப்ட், நின்டெண்டோ என்ற மூன்று கம்பனி இரண்டானால் விலை ஏறும் என்றுதான் எதிர்பார்க்கலாம்.

ஆனால் அட்டாரி கசட்டும் ட்ரீம்காஸ்ட் டிஸ்க்கும் யாரையும் கேட்டு ஓடியவையல்ல. அங்கேதான் அந்தப் பழைய உதாரணங்கள் முறிகின்றன.

இப்போதைய நிலையைப் பிளேஸ்டேஷன் 4இன் பாதுகாப்பு மெனுவை வைத்தே விளக்கலாம். மெசினை அணைத்துவிட்டு, பவர் பட்டனை ஏழு விநாடியளவு, இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் அந்த மெனு வரும். கரண்ட் திடீரெனப் போய்ப் பதிவுகள் குழம்பினால் இலக்கம் 5, தரவுகளை மீளடுக்கும். அதில் எதுவும் அழியாது. இது மருந்து. இலக்கம் 7 ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துச் சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றும். இது சத்திரசிகிச்சை. புது ஹார்ட் டிஸ்க் போட்டால் 7ஐச் செய்யாமல் விடமுடியாது. அதற்கு ஒரு ஜிபி அளவான முழுச் சிஸ்டக் கோப்பு தேவை. அரை ஜிபி அளவான சாதாரண அப்டேட் கோப்பை இறக்கிவிட்டு ஏன் வேலைசெய்யவில்லை என்று தலையைச் சொறிவது எல்லாரும் ஒருதரம் செய்யும் பிழை. யுஎஸ்பி ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் இருக்கவேண்டும், ஃபோல்டர் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும், கோப்பின் பதிப்பு மெசினில் இருந்ததைவிடப் பழையதாக இருக்கக்கூடாது.

இன்று அந்தக் கோப்பைக் கம்பனியின் தளம் தருகிறது. ஏற்றி முடிந்ததும் கணக்கில் நுழைந்து, இதுதான் என் முதன்மை மெசின் என்று பதிந்தால், வாங்கிய கேம்கள் திரும்ப இறங்கும். இதையெல்லாம் தரும் கம்பனியின் கணினியை, அதாவது சேர்வரை, அணைத்த பிறகு? கோப்பைச் சேமித்து வைத்திருந்தால் சிஸ்டம் ஏறும், டிஸ்க் கேம்கள் டிஸ்க்கில் இருக்கும் முதற்பதிப்போடு ஓடும். பணம் கொடுத்து இறக்கிய கேம் எதுவும் திரும்பாது. மெசின் நல்ல சுகமாக இருக்கும், ஆனால் வீடு வெறும் வீடு.

மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் இதைவிட மோசம். இன்றைய எக்ஸ்பொக்ஸைத் தொழிற்சாலை நிலைக்குத் துடைத்தால், இணையம் இல்லாமல் முதல் அமைப்பையே தாண்டமுடியாது. சேர்வர் இல்லாத நாளில் யாராவது தெரியாமல் அந்த ரீசெட்டை அழுத்தினால் மெசின் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவும். பிளேஸ்டேஷன் 5இன் கழற்றிப் பூட்டும் டிஸ்க் டிரைவும் ஒருமுறை இணையத்தில் பதிந்தால்தான் வேலைசெய்யும். டிஸ்க்கும் எல்லாம் டிஸ்க் இல்லை. 2022இல் வந்த பெரிய சுடுகேம் ஒன்றின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது ஏறத்தாழ 70 எம்பி, மிச்சமெல்லாம் இறக்கவேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு வரும் சாவிக் கார்டுகளிலும் கேம் இல்லை, சாவி மட்டும். வன்னியில் 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் நல்ல வேகம். அந்த வேகத்தில் 100 ஜிபி இறங்க 22 மணித்தியாலம், அதுவும் கரண்டும் டேட்டாவும் நடுவில் நிற்காவிட்டால். இங்கே டிஸ்க் கைமாறும் வியாபாரம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

அனுமதி எவ்வளவு சின்ன இடத்திலும் ஒளிந்திருக்கும் என்பதற்கு சி.ஆர்.2032 நல்ல சாட்சி. பிளேஸ்டேஷன் 4க்குள் நேரத்தை வைத்திருக்கும் நாணய பேட்டரி அது, எந்தக் கடையிலும் கிடைக்கும். அது செத்தால் மெசின் நேரத்தைச் சரிபார்க்கச் சேர்வரைத் தேடும். சேர்வரும் இல்லையென்றால் டிஸ்க் கேம்கூட ஓடாது என்பதுதான் பழைய நிலை. அதாவது சேர்வரை அணைத்தபின் ஒரு நாணய பேட்டரி ஒவ்வொரு மெசினாகக் கொன்றுகொண்டு வந்திருக்கும். ஆக்கள் சத்தம் போட்டார்கள், 2021 செப்டெம்பரில் 9.00 பதிப்பில் சோனி அதை நீக்கியது. கம்பனி உயிரோடு இருந்தபடியால் நீக்கியது. கூகிளும் ஸ்டேடியா என்ற தன் இணையவழிக் கேம் சேவையை 2023 ஜனவரி 18இல் மூடும்போது காசைத் திருப்பிக் கொடுத்து, அதன் கொன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத்தில் ஓடவும் திறந்துவிட்டது. அது பணமுள்ள வீட்டுச் செத்தவீடு. வங்குரோத்தான கம்பனியில் அதைச் செய்ய ஆளும் இருக்காது, சேர்வருக்குக் கரண்ட் பில் கட்டக் காசும் இருக்காது. கடன்காரர் முதலில் கேட்பது கேம்களின் உரிமையையும் பெயரையும்தான். பூட்டைத் திறக்கும் சாவியை யார் கேட்கப்போகிறார்கள்?

பூட்டு உடைத்த மெசின்களைப் பற்றி மழுப்பவும் தேவையில்லை. சிஸ்டத்தை அப்டேட் பண்ணாமல் 9.00இலோ 11.00இலோ விட்ட பிளேஸ்டேஷன் 4ஐப் பொடியள் தேடித் தேடி வாங்குவது பூட்டை உடைத்துக் காசு கொடுக்காமல் கேம் ஓட்டத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி அது பிழை, கேம் எழுதினவனுக்குக் காசும் போகாது. ஆனால் கம்பனி செத்தால் சேர்வரைக் கேட்காமல் எழும்பும் மெசின் அதுதான். ஒழுங்காகக் காசு கொடுத்தவனின் மெசின் வாசலில் நிற்கும், உடைத்தவனின் மெசின் ஓடும். இது அநியாயம், ஆனால் நிலைமை இதுதான்.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது, அதற்கு ஈயமும் உதவாது. இங்குள்ள மெசின்களில் இருக்கும் கேம்கள் பலதும் கனடாவிலுள்ள மச்சானின் கணக்கில் வாங்கியவை. மச்சான் தன்னிடமுள்ள புதுப் பெட்டியைப் பயன்படுத்துகிறார், இங்குள்ளது முதன்மையாகப் பதியப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாடு இருக்கும்வரை இங்குள்ள மெசின் இணையம் இல்லாமலும் கேமைத் திறக்கும். மச்சான் ஏதோவொரு நாள் இணையத்தளத்தில் எல்லா மெசினையும் நீக்கு என்று அழுத்தினால், அடுத்தமுறை இங்கே இணையம் கிடைத்ததும் கேம்களில் பூட்டுப் படம் விழும். இன்றைக்கு ஒரு வட்ஸ்அப் அழைப்பில் சரிசெய்யலாம். சேர்வர் போன பிறகு மச்சானும் ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே ஐந்தாறு வருசம் ஓடிய ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதானால் கம்பனி இருக்கும்போதே மாற்றவேண்டும். டிஸ்க் கேம்களுக்கான திருத்தப் பதிப்புகளை இப்போதே இறக்கி வைக்கவேண்டும். முதன்மை யாருடைய பெயரில் என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும்.

எழுதவேண்டிய இடம் மெசினின் அடிப்பக்கம், ஒரு துண்டு வெள்ளை டேப்பில். சிஸ்டம் பதிப்பு, சி.ஆர்.2032 மாற்றிய மாதம், ஹார்ட் டிஸ்க் மாற்றிய மாதம், முதன்மைக் கணக்கின் பெயர். கடவுச்சொல்லை எழுதவேண்டாம், மெசின் விற்றால் அதுவும் சேர்ந்து போகும். சாதாரண பேனை சூட்டில் மங்கிவிடும், மார்க்கரால் எழுதவேண்டும். டேப்பைக் காற்று உள்ளே போகும் துளையின்மேல் ஒட்டவும் கூடாது.