சவுண்டலில் மறுதாம்பு: 14 மாதக் குறிப்பு

மரத்தை அடியில் அறுத்து, தூரிலிருந்து எழும் துளிர்களைக் கழிகளாக முற்றவிட்டு, அவற்றை அறுத்தபின் அதே தூரை மீண்டும் தழைக்க விடும் மறுதாம்பு முறை மிகப் பழையது. இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பில் கி.மு. 3807 அல்லது 3806இல் அமைத்த மரப்பாதையிலேயே இப்படி வளர்ந்த கழிகள் உள்ளன. நான் ஐந்து சவுண்டல் (சூபாபுல்) மரங்களையும் ஒரு சவுக்கு மரத்தையும் கொண்டு தொடங்கினேன்.

முதல் இரண்டு சவுண்டலை அரிவாளால் முழங்கால் உயரத்தில் வெட்டினேன். முனை மழுங்கியிருந்ததால் பட்டை கிழிந்து கட்டையை விட்டு விலகியது. ஆனாலும் மூன்று வாரத்தில் துளிர்கள் அடர்ந்து வந்ததைக் கண்டு மகிழ்ந்திருந்தேன். ஐந்தாம் மாதக் காற்றில் பெரும்பாலானவை அடியோடு பெயர்ந்து விழுந்த பிறகே பிழை விளங்கிற்று. வெட்டுவாயின் ஓரத்தில் காயம் ஆறும் திசுவிலிருந்து முளைப்பவற்றுக்குப் பிடிப்புக் குறைவு. பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து, அதுவும் மண்ணை ஒட்டி எழுபவையே உறுதியாக நிற்கின்றன.

ஆகவே மற்ற மூன்றையும் கைரம்பத்தால், தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில், நீர் தேங்காமல் வழியும்படி சற்றே சரிவாக அறுத்தேன். ரம்பம் பாதி இறங்கியதும் மரம் தன் பாரத்தால் சாய்ந்து பட்டையை உரித்துவிடாதிருக்க, முதலில் இடுப்பு உயரத்தில் வெட்டிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டேன்; இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒரு தூரில் 23 துளிர்கள் எண்ணினேன். அவற்றில் நான்கை மட்டும் நிறுத்திப் பிறவற்றைக் களைவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது, கை வரவேயில்லை. ஒரு தூரை மட்டும் கழிக்காமல் விட்டுவைத்தேன். அதில் இன்றும் விரல் பருமனுக்கு மேற்பட்ட கழி ஒன்றுகூட இல்லை. கழித்த தூர்களில் கழிகள் மணிக்கட்டுப் பருமனை எட்டியிருக்கின்றன.

சவுக்கு துளிர்க்கவில்லை. அதற்கு மறுதாம்புத் திறன் மிகக் குறைவு என்பதை வெட்டிய பிறகே அறிந்தேன்.

ஒரு முறை ஆடு புகுந்து இளந்துளிர்களை மேய்ந்துவிட்டது. வேர்ச் சேமிப்பின் வலுவில் தூர் மறுபடியும் துளிர்த்தது என்றாலும், இப்போது முள்வேலி இட்டிருக்கிறேன். கழிக்காத தூரை வரும் வாரம் கழிக்கப்போகிறேன்.