தீ அறிவியல் படிக்கப் போகிறீர்களா?

தீயணைப்பு வீரராகும் ஆசையில் இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் பலர் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஏணியும் ஹோஸும் (தண்ணீர் பாய்ச்சும் நெகிழ்குழாய்) எதிர்பார்த்து வந்தால், வேதியியலும் கணக்கும்தான் முதலில் வரும். விட்டுவிடாதீர்கள். பின்னால் உயிரைக் காக்கப் போவது அந்தப் பாடங்கள்தான்.

சேரும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கினாலே வேலை கிடைத்துவிடாது. வயது வரம்பு, கண்பார்வை, உடல்தகுதித் தேர்வு எல்லாம் தனி. நீங்கள் சேர நினைக்கும் துறையின் விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள்.

பாடத்தில் நெஞ்சில் பதிய வேண்டியது, தீ வளரும் விதம். மரம் எரிகிறது என்கிறோம். சூட்டில் மரத்திலிருந்து கிளம்பும் வாயுதான் சுடர்விட்டு எரிகிறது. எரியாமல் மிஞ்சிய வாயு புகையோடு கூரைக்கடியில் சேரும். அந்தப் புகையும் எரிபொருள்தான். அது ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, கீழ்நோக்கி வீசும் வெப்பத்தில் அறையிலுள்ள பொருள்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதுதான் ஃபிளாஷ்ஓவர். காற்றில்லாமல் தீ அடங்கிக் கிடக்கும் அறையின் கதவைத் திறந்ததும் வெடித்துச் சீறுவது பேக்டிராஃப்ட். கதவிடுக்கில் புகை உள்ளே இழுக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டால் எச்சரிக்கை ஆகிவிட வேண்டும்.

இதை நான் மனப்பாடம் செய்யவில்லை. ஒரே அறையைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். தீ எங்கே, புகை எந்த உயரத்தில், காற்று எந்த வழியாக வருகிறது, இப்போது ஜன்னலை உடைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதினேன். தேர்வில் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அந்தப் படத்திலிருந்தே பதில் எழுத முடிந்தது.

அடுத்து நீரியல், அதாவது பம்பிலிருந்து ஹோஸ் வழியாக நீர் பாயும் கணக்கு. பலருக்குப் பயம் இங்கேதான். சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், பம்ப் ஏன் இவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். நாசிலுக்கு (ஹோஸின் நுனியில் நீர் பீய்ச்சும் முனை) 7 பார் வேண்டும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), நாசில் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஏற ஏறத்தாழ 1 பார் போகும். ஆக 2 பார். ஹோஸில் உராய்வு இழப்பு 1.5 பார் என்றால், பம்பில் 10.5 பார் வேண்டும். சரி, அதே ஹோஸில் நீரோட்டத்தை இரட்டிப்பாக்கினால்? உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதை உணர்ந்தவர் பம்ப் பக்கத்தில் தடுமாற மாட்டார்.

விபத்து விசாரணை அறிக்கைகளை முழுசாகப் படியுங்கள். 1987இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மர எஸ்கலேட்டரின் அடியில் பிடித்த சிறு தீ, 31 பேரைக் கொன்றது. சுடர் மேலே எழும்பாமல் எஸ்கலேட்டரின் சாய்வான பள்ளத்தோடு ஒட்டிப் படுத்து ஓடி, டிக்கெட் கூடத்துக்குள் பாய்ந்தது. கணினிக் கணிப்பில் இது தெரிந்தபோது பலர் நம்பவில்லை. சிறிய மாதிரி ஒன்றைக் கட்டி எரித்துப் பார்த்த பிறகே உறுதியானது. சாய்தளத் தீ பற்றி எனக்குப் புரிந்ததெல்லாம் இதைப் படித்ததால்தான்.

உடற்பயிற்சியைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். படியேறுவதும் பாரம் சுமப்பதும் முதல் மாதத்திலிருந்தே நடக்கட்டும். வாய்ப்புக் கிடைத்ததும் பயிற்றுநர் முன்னிலையில் மூச்சுக் கருவியை மாட்டி, இருட்டில் தவழ்ந்து பாருங்கள். முகமூடிக்குள் பதற்றம் வருகிறதா என்பது சீக்கிரமே தெரிவது நல்லது. பழக நேரம் இருக்கும். பதறி வேகமாக மூச்சு விட்டால் சிலிண்டர் நினைத்ததைவிட முன்பே தீர்ந்துவிடும்.

அப்புறம், கரி படிந்த உடுப்பு வீரத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீயணைப்புப் பணியில் நச்சுகளுக்கு ஆளாவதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணியாக 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை (IARC) வகைப்படுத்தியது. பயிற்சித் தீயாக இருந்தாலும் முடிந்ததும் உடுப்பைக் கழற்றி மூடிய பையில் வையுங்கள், கழுத்தையும் கைகளையும் உடனே துடையுங்கள், குளித்துவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.