லேப் லைசென்ஸை மாணவர்களின் வீடு வரை கொண்டுபோனது

2020 மார்ச்சில் கல்லூரியை மூடியபோது, இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்களின் புராஜெக்ட் பாதியில் நின்றது. சிமுலேஷன் மென்பொருளின் லைசென்ஸ் எல்லாம் கேம்பஸ் சர்வரில் இருந்தது. யாராவது மென்பொருளைத் திறந்தால் சர்வர் ஒரு லைசென்ஸை எடுத்துக் கொடுக்கும், மூடினால் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதை வீட்டிலிருந்தும் கிடைக்கச் செய்யும் பொறுப்பு லேபைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் வந்தது.

முதலில் ஒப்பந்தங்களைப் படித்தேன். சிலவற்றில் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும்தான் என்று இருந்தது. விற்பனையாளர்களிடம் எழுத்தில் அனுமதி கேட்டோம். ஒரு மென்பொருளுக்குக் கிடைக்கவில்லை, அதை விட்டுவிட்டோம். இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள்.

எங்களுடையது ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற, லைசென்ஸைப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஓடும் சர்வர். அது இயல்பாகக் கடவுச்சொல் எதுவும் கேட்காது, முகவரியும் போர்ட்டும் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) தெரிந்த எவரும் லைசென்ஸ் எடுத்துவிடலாம். அதனால் நேரடியாக இணையத்தில் திறக்கவே கூடாது, விபிஎன் (கல்லூரி நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாகத்தான். லைசென்ஸ் சர்வருக்கான போக்குவரத்து மட்டும் விபிஎன்னில் வரும்படி அமைத்தோம்.

அப்புறமும் பலருக்குத் திறக்கவில்லை. ஃப்ளெக்ஸ்எல்எம்மில் இரண்டு நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் உண்டு. முதலாவதன் போர்ட் பெரும்பாலும் 27000-லிருந்து 27009-க்குள் இருக்கும். லைசென்ஸை உண்மையில் கொடுக்கும் இரண்டாவது நிரலின் போர்ட், நாம் குறிப்பிடாவிட்டால், சர்வர் மறுபடி தொடங்கும்போது மாறிவிடலாம். வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் முதல் போர்ட்டை மட்டும் திறந்தால், இணைப்பு கிடைத்த மாதிரி இருந்து பிழை வரும். லைசென்ஸ் ஃபைலில் இந்த இரண்டாவது நிரலைக் குறிக்கும் வெண்டார் வரியில் போர்ட் எண்ணை நிலையாக எழுதி, அதையும் திறந்தோம். சர்வரின் பெயர் வீட்டுக் கணினிக்குத் தெரியாததால் எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரியும் சேர்க்க வேண்டியிருந்தது.

நல்ல லேப்டாப் உள்ளவர்களுக்கு இது போதும். மற்றவர்கள்தான் என் கவலை. பலரிடம் பழைய லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட், தினசரி டேட்டா பேக். பல ஜிபி இன்ஸ்டாலரை அவர்கள் எப்படி இறக்குவார்கள்? வசதி உள்ளவர் மட்டும் புராஜெக்ட்டை முடிப்பது நியாயமில்லை. லேபில் சும்மா கிடந்த கணினிகளையே அவர்களுக்குக் கொடுத்தோம். அப்பாச்சி குவாக்கமோலி என்ற இலவச மென்பொருள் இருந்தால் பிரவுசரிலேயே அந்தக் கணினியின் திரை தெரியும், கணக்கீடு கல்லூரியில் ஓடும். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸிலும் மாற்றினோம். கல்லூரியில் ஆளே இல்லாத நாட்களில் அதுதான் பெரிய உதவி.

பங்கிடுவதில்தான் சிக்கல் வந்தது. பிரவுசரை மூடினாலும் லேப் கணினியில் மென்பொருள் திறந்தே இருக்கும், லைசென்ஸும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். துண்டித்த செஷனை (மாணவர் லேப் கணினியில் திறந்த அமர்வை) உடனே மூடினால், இரவு முழுக்க ஓடும் கணக்கீடு செத்துவிடும். அதனால் மாடல் வரைவதைத் திரையில் முடித்து, கணக்கீட்டை, திரை இல்லாமல் பின்னணியில் ஓடும் பேட்ச் வேலையாகத் தனியே அனுப்பச் சொன்னோம். திரை செஷனைத் துண்டித்த சற்று நேரத்தில் மூடினோம். லைசென்ஸ் சர்வரின் விதிகளை எழுதும் ஆப்ஷன்ஸ் ஃபைலில் ஒருவருக்கு ஒரு லைசென்ஸ் என்று வரம்பு வைத்தோம். சர்வரோடு இணைப்பில்லாமல் பயன்படுத்த லைசென்ஸைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடன் வாங்கும் வசதியைத் தரவில்லை, ஒருவர் எடுத்துப்போனால் தவணை முடியும்வரை அல்லது அவரே திருப்பித் தரும்வரை சர்வரில் ஒன்று குறைந்தே இருக்கும்.

கல்லூரி திறந்த பிறகும் இந்த ஏற்பாட்டை நிறுத்தவில்லை. தினமும் பஸ்ஸில் வந்துபோகும் மாணவர்கள் இரவில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.