யோசெமிட்டியில் குழந்தைகளோடு கேம்பிங்: இருட்டுவதற்குள் முடிக்க வேண்டியவை

சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவிலிருந்து கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போக குறைந்தது 4 மணி நேரம். சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாமில் பகல் 12 மணிக்கு செக்-இன் என்பதால் காலை 6-க்கே கிளம்பிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால், அழுகிற குழந்தையை ஒரு கையிலும் டார்ச்சை மறு கையிலும் பிடித்துக்கொண்டு டென்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

முன்பதிவு 5 மாதம் முன்பே, 15-ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரையிலான நாட்களுக்கு பிப்ரவரி 15. ஒரு சைட்டில் (டென்ட் அடிக்கும் எண்ணிட்ட இடம்) 6 பேர்தான் தங்கலாம், குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. மூன்று குடும்பம் என்றால் இரண்டு சைட். பக்கத்துப் பக்கத்து எண்களை முந்தின நாளே குறித்துவைத்து, ஆளுக்கொன்றாகப் பிடியுங்கள். நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

டென்ட்டுக்கு அடியில் போடும் தார்ப்பாய் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மழை பெய்தால் தண்ணீர் அதில் இறங்கி டென்ட்டுக்கு அடியில் தேங்கும். ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

அடுத்து கரடி. இதில் எந்தச் சமரசமும் கூடாது. சைட்டிலேயே இரும்பு லாக்கர் இருக்கும். சாப்பாடு மட்டுமல்ல, டூத்பேஸ்ட், சன்ஸ்க்ரீன், டயபர், வைப்ஸ் என்று வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். இருட்டிய பிறகு காரில் சாப்பாடு வைக்க அனுமதி இல்லை. பலரும் மறப்பது குழந்தையை உட்கார வைக்கும் கார் சீட்டை. பால் சிந்திய துணி உறை, இடுக்கில் நசுங்கிய முறுக்கு, சீட்டுக்கு அடியில் உருண்டுபோன திராட்சை: கரடி கண்ணாடியை உடைக்க இவ்வளவே போதும். வழியிலேயே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி சீட்டைக் கழற்றி உதறிவிடுங்கள்.

சமையலுக்கு இரட்டை பர்னர் ப்ரொப்பேன் அடுப்பு. ஒரு பவுண்டு சிலிண்டர், ஒரு பர்னரை முழுவீச்சில் வைத்தால் சுமார் 2 மணி நேரம் வரும். பள்ளத்தாக்கு 4,000 அடி உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், குக்கரே நல்லது. முதல் இரவுக்கு வீட்டிலேயே செய்த புளிக்காய்ச்சல் போதும். சாதம் வைத்துக் கிளறினால் வேலை முடிந்தது. குளிர்கிறதே என்று அடுப்பையோ கரி அடுப்பையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கோடையில் விறகுத் தீ மாலை 5 முதல் இரவு 10 வரை மட்டுமே. பள்ளத்தாக்கில் சுள்ளி பொறுக்கவும் தடை உண்டு. விறகை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோனால் மரத்தை அரிக்கும் பூச்சிகளும் கூடவே போகும்.

ஜூனில்கூட இரவு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும். வெறும் காற்று மெத்தையில் குளிர் அடியிலிருந்து ஏறும், ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றும் தரையோடு சேர்ந்து குளிர்ந்துவிடுகிறது. மெத்தைக்கு மேல் ஃபோம் பாய் ஒன்று விரியுங்கள். மேலே போர்த்துவதைவிட கீழே விரிப்பதுதான் குழந்தையைக் காப்பாற்றும். பகலில் போட்ட சாக்ஸில் வியர்வை ஈரம் இருக்கும், படுக்கும்போது மாற்றிவிடுங்கள். டென்ட்டின் மேல் ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். முழுக்க மூடினால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும்.

மெர்சிட் ஆறு ஜூன் வரை பனி உருகிய தண்ணீர். பார்க்க அமைதியாக இருந்தாலும் இழுப்பு பலமாக இருக்கும். குழந்தைகளைக் கரையோரத்தில்கூடத் தனியாக விடாதீர்கள், ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கட்டும். காலை நனைத்து விளையாட ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும் பரவாயில்லை.