பந்து வேண்டாம் என்று ஒளிகிற பிள்ளைகள்

கூடைப்பந்து ஆட்டத்தில் பந்து தன் பக்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு பிள்ளை மெல்ல நகர்ந்து டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டால், அந்த டீம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறது என்று ஸ்கோர் ஷீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அவள் ஓடாமல் இல்லை. கையைக்கூடத் தூக்குகிறாள். ஆனால் பாஸ் போட முடியாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு தூக்குகிறாள். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நல்ல உழைப்பாகத்தான் தெரியும். பந்து கைக்கு வந்தால் தப்பு நடக்கும், நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், வராமலே இருந்துவிட்டால் நல்லது என்பது அவள் கணக்கு. தொடர் தோல்வி ஷூட்டிங்கைக் கெடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளிடம் இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. மழை பெய்தால் வழுக்கும் சிமென்ட் கோர்ட், அதில் அடித்து அடித்துச் சீக்கிரமே வழவழப்பாகிவிடும் பந்துகள். நான் சொல்லும் ஆண்டில், 17 வயதுக்குட்பட்டோர் டீமில் உயரமான இரண்டு பேரும், பந்தை எடுத்துவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டும் கோடை விடுமுறையிலேயே டி.சி. வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துப் பெரிய பள்ளிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஹாஸ்டல் இலவசம், ஃபீஸ் கிடையாது, ஷூவும் வாங்கித் தருகிறார்கள். தினக்கூலிக்குப் போகிற அப்பா வேறு என்ன முடிவெடுப்பார்? எனக்கு அதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. மிச்சம் இருந்தவர்கள், முந்தைய ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர்களும் எட்டாம் வகுப்பிலிருந்து புதிதாக வந்தவர்களும்தான். குறுவட்டப் போட்டியில் தொடங்கிய தோல்வி, அப்புறம் போன ஓபன் டோர்னமென்ட் எல்லாவற்றிலும் கூடவே வந்தது.

இப்படிப்பட்ட சமயத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா டீமை உதாரணம் காட்ட ஒரு நண்பராவது வந்துவிடுவார். 2013-14 சீசனில் அவர்கள் தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றார்கள். 2015-16இல் 82 ஆட்டங்களில் 72 தோல்வி. இரண்டு சீசனிலும் பிரெட் பிரவுன்தான் கோச். பொறுமைக்கு நல்ல உதாரணம்தான். ஆனால் அவர்கள் ஆடும் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் மோசமாகத் தோற்கிற டீமுக்கு, புது ஆட்டக்காரர்களைப் பிரித்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் முன்னால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். அந்த 72 தோல்விக்குப் பிறகு அவர்கள் பென் சிம்மன்ஸை முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக் கூடைப்பந்தில் கணக்கு தலைகீழ். தோற்கிற டீமிலிருந்து, இருக்கிற நல்ல ஆளும் கிளம்பிவிடும்.

எனக்கு அதைவிட நெய்ஸ்மித்தைப் பிடிக்கும். 1891இல் இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்த மனிதர், பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து 55 ஆட்டம் வென்று 60 ஆட்டம் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் டீமுக்குக் கோச்சாக இருந்தவர்களில் வென்றதைவிட அதிகம் தோற்றவர் அவர் ஒருவர்தான். இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. "கண்டுபிடிச்சவரேவா சார்?" என்று ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பெரும்பாலும் சாய்த்தது ஃபுல் கோர்ட் பிரஸ், அதாவது கோர்ட் முழுக்க விரட்டி விரட்டி மறிப்பது. பந்தை உள்ளே போட்டதும் இரண்டு பேர் பாய்ந்து வந்து மூலையில் மடக்கிவிடுவார்கள். எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பயந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சைடு லைனை ஒட்டியே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு டிரிபிள் போடுவாள், அந்தக் கோடே எதிர் டீமுக்கு இன்னொரு டிஃபெண்டர் ஆகிவிடும். நாற்பது பாயிண்ட் முன்னிலையில் இருக்கும்போதும் சின்னப் பிள்ளைகள் மேல் பிரஸ்ஸை எடுக்காத கோச்சுகளை எனக்குப் பிடிக்காது. இதைப் பிள்ளைகள் காதுபடச் சொன்னதில்லை. ரெஃப்ரி சரியில்லை, ரிங் சரியில்லை என்று அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் வரிசையில் நானே ஒன்றைச் சேர்த்ததாகிவிடும்.

அதனால் பயிற்சியில் பாதி நேரம் பிரஸ்ஸை உடைப்பதற்கே போனது. ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேர். டிரிபிள் கிடையாது, பாஸ் மட்டும். நடுவில் ஒருத்தி ஓடிவந்து பந்து வைத்திருப்பவளின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கேட்க வேண்டும், கேட்காமல் வாங்கிய பாஸ் செல்லாது. பாஸ் போடுவதைவிட இந்தச் சத்தம்தான் கடினமாக இருந்தது. வீட்டிலும் வகுப்பிலும் "பொம்பளப் பிள்ளை கத்தாதே" என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் கத்து என்றால் உடனே வந்துவிடுமா? முதலில் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. பிறகு அடுத்த தெருவிலிருந்து புகார் வந்தது. அந்தப் புகாரைத் தலைமை ஆசிரியர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேட்ச் நடக்கும்போது கோச்சின் கையில் உண்மையில் இருப்பது ஆள் மாற்றுவது ஒன்றுதான். டைம் அவுட் ஒரு நிமிடம். அதில் பாதி மூச்சு வாங்குவதிலும் தண்ணீர் குடிப்பதிலும் போய்விடும், ஒரு விஷயத்துக்கு மேல் காதில் ஏறாது. ஆள் மாற்றுவது அப்படியல்ல, அது அவர்களிடம் நேரடியாகப் பேசும். பந்தைப் பறிகொடுத்தவளை அடுத்த நொடியே வெளியே எடுப்பது நம் ஊரில் பல பேருக்குப் பழக்கம். பஸ்ஸர் அடிக்கும், அவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாள், கோச் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. பந்தைத் தொட்டவளுக்கு பெஞ்ச், ஒளிந்து நின்றவளுக்கு முழு மேட்ச் என்று மற்ற நாலு பேரும் புரிந்துகொள்வார்கள்.

அந்த சீசனில் ஆள் மாற்றும் நேரத்தை மேட்சுக்கு முன்னாலேயே தாளில் எழுதி பெஞ்சில் ஒட்டிவிட்டேன். குவார்ட்டர் பத்து நிமிடம், ஐந்தாவது நிமிடம் முடிந்து ஆட்டம் நின்றதும் மாற்றம். காயம், ஃபவுல் தொல்லை தவிர வேறு காரணத்துக்கு மாற்றம் இல்லை. ஒரு ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு பாயிண்ட்தான் பின்தங்கியிருந்தோம். எங்கள் பாயிண்ட் கார்ட் அடுத்தடுத்து இரண்டு முறை பந்தை விட்டாள். பக்கத்தில் இருந்த பி.இ.டி. சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாத்துங்க சார், ஜெயிக்கிற மேட்ச்!" நான் மாற்றவில்லை. மூன்றாவது முறை அவள் நடுக்கோட்டைத் தாண்டி, நடுவில் கத்திக்கொண்டு வந்தவளுக்குச் சரியாகக் கொடுத்தாள். ஷாட் ரிங்கில் பட்டு வெளியே போய்விட்டது, தோற்றோம். மாற்றியிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று பி.இ.டி. சார் இன்றும் சொல்வார். இருக்கலாம். ஆனால் அடுத்த மேட்சில் பந்தை எடுத்துவர அவளைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. அவளும் ஒளிய ஆரம்பித்தால் நாங்கள் ஐந்து பேர் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"நல்லா ஆடினீங்க" என்ற சொல்லையும் நிறுத்திவிட்டேன். நாற்பது பாயிண்டில் தோற்ற பிள்ளைகளிடம் அதைச் சொன்னால், சார் நம்மைச் சின்னப் பிள்ளைகளாக நினைக்கிறார் என்று முகத்திலேயே தெரியும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வைத்தோம். கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் அதில் யார் எத்தனை முறை பந்து கேட்டார்கள், எத்தனை ஷாட் எடுத்தார்கள் என்று கோடு போடுவாள். ஷாட் விழுந்ததா என்று குறிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். உடனே இரண்டு பேர் கோடு வாங்குவதற்காக எங்கிருந்து வேண்டுமானாலும் எறிய ஆரம்பித்தார்கள். எதிர்பார்த்ததுதான். அப்போது நோட்டுக்காரியே ஒரு யோசனை சொன்னாள்: ஆள் மறிக்காமல் இருந்தும் எடுக்காமல் விட்ட ஷாட்டையும் குறிக்கலாம். அந்தப் பத்திதான் டீமை மாற்றியது. மேட்ச் முடிந்ததும் எல்லாரும் நோட்டைச் சுற்றி நின்று, "நான் ஃப்ரீயா இல்லடி, அவ கை முன்னாடியே இருந்துச்சு" என்று சண்டை போடுவார்கள். யாரால் தோற்றோம் என்பதற்கு நடந்த சண்டை, எங்கே நின்றோம் என்பதற்கு மாறியது. இரண்டாவது சண்டையிலிருந்துதான் எனக்கு அடுத்த நாள் பயிற்சிக்கு விஷயம் கிடைத்தது.

திரும்பி வரும் வேனில் பாட்டு பாடுவார்கள். கூட வந்த ஆசிரியை ஒருமுறை, "தோத்துட்டு என்னம்மா பாட்டு வேண்டிக் கெடக்கு?" என்று அதட்டினார். பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் தோல்வியை முகத்தில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு மணி நேரம் அவர்கள் சோகமாக உட்கார்ந்திருப்பதால் யாருடைய லே-அப்பும் திருந்தப் போவதில்லை. "பாடட்டும் டீச்சர்" என்றேன். வழியில் பரோட்டா கடையில் நிறுத்தினோம். ஆட்டத்தைப் பற்றி அடுத்த பயிற்சி வரை நான் பேசுவதில்லை.

பெற்றோர் விஷயம் வேறு மாதிரி. ஜெயிக்கிற டீமில் இருக்கும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டா, கல்லூரி சீட் என்று பேசுகிறவர்கள், தோற்க ஆரம்பித்ததும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஞாபகப்படுத்துவார்கள். நவம்பரில் இரண்டு பேர் அப்படி நின்றுபோனார்கள். அவர்களைத் தடுக்க என்னிடம் காட்டுவதற்குக் கோப்பை எதுவும் இல்லை. ஒரு அம்மாவிடம் மட்டும், காலைப் பயிற்சி வேண்டாம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் அனுப்புங்கள், மார்க் குறைந்தால் நானே நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னேன். அனுப்பினார்.

சீசன் முடிந்த பிறகு எங்கள் பாயிண்ட் கார்டின் அப்பா வந்தார். அதே பெரிய பள்ளியிலிருந்து அவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டார். அங்கே அந்த இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், இவளுக்கு மேட்சில் ஆட நேரம் கிடைக்குமா என்று விசாரியுங்கள், ஹாஸ்டல் சாப்பாட்டை ஒருநாள் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் சரியாக இருந்தால் அனுப்புங்கள் என்றேன். அனுப்பிவிட்டார். வரும் ஜூனுக்கு நோட்டுக்காரியைத்தான் அந்த இடத்தில் போடலாம் என்றிருக்கிறேன். ஆட்டம் அவளுக்கு நன்றாகப் புரிகிறது. இடது கை டிரிபிள் மட்டும் சுத்தமாக வரவில்லை, விடுமுறையில் காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.