ஏர்ஃபைபரா, ஃபைபரா? எங்கள் வீட்டுக்கு நெட் எடுத்த அனுபவம்

பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் வீடு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொன்னதும் சென்னையைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே பழைய டெலிபோன் வயரில் வந்த பிராட்பேண்ட், அம்மா யூடியூப் பார்க்கப் போதும். வீடியோ மீட்டிங்குக்குத் தாங்காது. செப்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் தூரம் கூடக்கூட வேகம் குறையும், அப்லோடு அதைவிட மோசம்.

எல்லோரும் முதலில் கைகாட்டியது 5ஜி ஏர்ஃபைபரை. மாடியில் ஒரு ஆன்டெனா, கீழே ஒரு ரவுட்டர், கேபிள் இழுக்கிற வேலையே இல்லை. பணம் கட்டும் முன் அதே நிறுவனத்தின் 5ஜி சிம்மை வாங்கிப் போட்டு மாடியில் நின்று வேகம் பார்த்தேன். மத்தியானம் பிரமாதம். ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஊரே போனும் கையுமாக இருக்கும் நேரத்தில், அதில் கால்வாசிகூட இல்லை. ஒரு டவரின் திறனைச் சுற்றியிருக்கிற எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். நடுவில் தென்னந்தோப்பு வேறு. கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபரே எட்டாத வீட்டுக்கு ஏர்ஃபைபர் நல்ல வழிதான். எனக்கு மீட்டிங்கே ராத்திரியில்தான்.

ஃபைபர் என்று முடிவானதும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எங்கள் தெரு கேபிள் டிவி அண்ணன், இன்னொருவர் ஒரு கம்பெனியின் ஏஜென்ட். இரண்டு பேருமே 100 எம்பிபிஎஸ் என்றார்கள், 18% ஜிஎஸ்டி சேர்த்தால் விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. "ஏரியாவுல கரண்ட் போனா நெட் வருமாண்ணே?" என்று கேட்டேன். "உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா வரும்மா" என்றார் கேபிள் அண்ணன். "அப்ப போஸ்ட்ல மாட்டியிருக்கிற பெட்டிக்கு?" என்றதும், "அது கரண்ட்லதாம்மா ஓடுது" என்று மறைக்காமல் சொன்னார். அவருடைய ஃபைபர் தெருமுனை வரைதான். அங்கே போஸ்ட் பெட்டியில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சுவிட்ச், அதிலிருந்து வீடுகளுக்கு லேன் கேபிள். தெருவில் கரண்ட் போனால் என் இன்வெர்ட்டரால் பயனில்லை.

கம்பெனி ஏஜென்டுடையது ஜிபான் (GPON), அதாவது வீடு வரை ஃபைபரே வரும் முறை. ஒரே இழையை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிதான், அதற்குக் கரண்டே தேவையில்லை. அவர்கள் முனையிலும் நம் வீட்டிலும் கரண்ட் இருந்தால் லைன் நிற்கும். 2018 நவம்பரில் வந்த கஜா மாதிரி ஒன்று அடித்தால் போஸ்ட்டே சாய்ந்துவிடும், அப்போது எதுவும் வராது. நான் பார்த்தது ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி வரும் கரண்ட் கட்டை. இங்கே வேகத்தைவிட அதுதான் பெரிய விஷயம், அதனால் ஜிபானையே எடுத்தேன்.

லைன் போட வந்த தம்பி ஃபைபரின் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, சீராக வெட்டி, கனெக்டரைப் பொருத்தினார். தலைமுடி அளவு கண்ணாடி. பவர் மீட்டரில் செருகியதும், வந்து சேரும் ஒளியின் அளவை மைனஸ் 19 டிபிஎம் என்று காட்டியது. "மைனஸ் 27க்குக் கீழ போனா லைன் விட்டு விட்டு வரும்க்கா, இது சூப்பர்" என்றார். அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் கோளாறு வந்தால் இதைச் சொல்லிப் பேசலாம். லைன் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மோடத்தை வாசல் பக்கமே மாட்டிவிடப் பார்த்தார். கூடத்தின் நடுவில்தான் வேண்டும் என்று நின்றேன். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டாது. மாடி அறைக்குத் தனியாகக் கேட்6 லேன் வயர் இழுத்தேன். மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டியதில், இன்வெர்ட்டர் மாறும் நொடியிலும் மீட்டிங் அறுவதில்லை.

வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு என்றார்கள். ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவரை மாதச் சந்தாதான் என்று சொல்லிவிட்டேன்.